ஒரு சொட்டுகூடப் போடவில்லை

வியாழக்கிழமை வான்கோழி விருந்தோடு நன்றித் திருநாள் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, ஹார்லன் ப்ரூக்மயர் டுவெய்னின் முடிதிருத்தும் கடைக்குள் வந்தார். பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைத் தட்டவில்லை. கம்பளித் தொப்பியைக் கழற்றவில்லை. நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என் நாய்க்கு யாரோ விஷம் வெச்சிருக்காங்க."

ரேடியோவில் பனிப்பொழிவு அறிவிக்கிறவர் குரல்தான் அது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

டுவெய்ன் கையில் துண்டோடு அப்படியே நின்றுவிட்டான். டாமரேக் ஊரில் முக்கால்வாசி ஆண்களின் தலை அவன் கைக்குப் பழக்கம். ஆனால் ஹார்லன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவன் பார்த்ததே இல்லை. (டுவெய்ன் ஐம்பதைத் தாண்டியவன்தான். ஆனாலும் அவனை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஊரில் யாருக்கும் வருவதில்லை.)

"அக்கா!" என்று பின்பக்கம் திரும்பிக் கத்தினான். "கேஸ் வந்திருக்கு!"

"கேக்குது. அவர உள்ள அனுப்பு. காதுகிட்ட கத்தாத" என்று பின்னறையிலிருந்து பதில் வந்தது.

டுவெய்னின் அக்கா வெர்னா, தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தவர். எரிந்த வீட்டுக்குள் போய், எங்கிருந்து தீ கிளம்பியது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. ஓய்வுபெற்று ஊருக்கு வந்த பிறகு, காணாமல் போன படகு, செத்துப்போன ஆப்பிள் மரம் என்று எல்லாவற்றுக்கும் ஜனங்கள் அவரிடம்தான் வருவார்கள். போலீஸுக்குப் போனால் ஊரெல்லாம் தெரிந்துவிடும். வெர்னாவிடம் போனால் டுவெய்ன் வழியாகத்தான் தெரியும். அதற்கு ஒரு நாளாவது ஆகும்.

ஹார்லன் பின்னறையில் காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். குடிக்கவில்லை.

"ஓக்ராதானே?" என்றார் வெர்னா.

"ஓக்ராதான்."

ஓக்ரா என்றால் வெண்டைக்காய். எங்கள் விஸ்கான்சின் குளிரில் யாரும் வெண்டைக்காய் பயிரிடுவதும் இல்லை, நாய்க்கு அந்தப் பெயர் வைப்பதும் இல்லை. ஹார்லனின் மனைவி லுரீன் தெற்கே ஜார்ஜியா மாநிலத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்தவள், சன்னலோரத் தொட்டியில் வருடா வருடம் வெண்டை விதை போட்டுப் பார்ப்பாள். அது முளைத்துப் பூவிடுவதற்குள் பனி வந்து கருக்கிவிடும். கடைசியில் நாய்க்குட்டிக்கு அந்தப் பெயரை வைத்து, "இதாவது வளருதான்னு பாப்போம்" என்றாள். அது நீளக் காதோடு நன்றாகவே வளர்ந்தது. லுரீன்தான் மார்ச் மாதம் இறந்துபோனாள்.

"நேத்து காலைல எந்திரிக்கவே இல்ல" என்றார் ஹார்லன். "ஈறு வெளுத்துக் கெடந்துச்சு. மூத்திரம் இந்தக் காப்பி நெறத்துல. மிருக டாக்டர் ரெய்னிக்குகிட்ட தூக்கிட்டுப் போனேன். உடம்புக்குள்ள ரத்தம் செத்துக்கிட்டே இருக்காம். வெங்காயம்னு சொல்றாங்க. கொஞ்சநஞ்சம் இல்ல, நெறையத் தின்னிருக்காம்."

"வெங்காயமா? அது என்ன விஷம்?" என்றான் டுவெய்ன். "எங்க வீட்டுப் பூனை..."

"பூனை கத பெறகு" என்றார் வெர்னா. "நாய்க்கு வெங்காயம் ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியுமா ஹார்லன்?"

"லுரீன் சொல்லிச் சொல்லி மனப்பாடம். விருந்தன்னிக்கு வான்கோழிய வெட்டும்போதே எல்லார் முன்னாலயும் சொன்னேன். ஓக்ராவுக்கு வெறும் வெள்ளைக் கறி போடுங்க. தோல் வேணாம், எலும்பு வேணாம், கிரேவி வேணாம், டிரெஸ்ஸிங் கிட்டவே கொண்டுபோகாதீங்கன்னு. இதுக்கு மேல எப்படிச் சொல்றது?"

"யார் யார் இருந்தாங்க?"

"மகன் கர்ட். மருமக பெத்தனி. பக்கத்து வீட்டு க்ளென். கர்ட் வேலை இருக்குன்னு மறுநாளே மினியாபொலிஸ் போயிட்டான். பெத்தனி இருக்கா. லுரீன் துணிமணியெல்லாம் எடுத்துக் கட்டித் தரேன்னு."

"நாய்க்குச் சாப்பாடு?"

"அவதான் போடுறா. எனக்கு மறந்துபோகுது."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். வெங்காயம் குடுத்தியான்னேன், சத்தியமா இல்ல மாமான்னா. டிரெஸ்ஸிங் குடுத்தியான்னேன், ஒரு சொட்டுகூடப் போடலன்னா. அழுதா. எனக்கு அதப் பாத்தும் ஒண்ணும் தோணல."

"ஒரு சொட்டுகூடப் போடலன்னா சொன்னா?"

"ஆமா. ஏன்?"

"சும்மா கேட்டேன். மேல சொல்லுங்க."

ஹார்லன் சொன்னார். வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்று மகனும் மருமகளும் விருந்தன்றைக்கே பேச்சை எடுத்திருக்கிறார்கள். அவர்கள் இருக்கும் அடுக்குமாடியில் நாய் வளர்க்கக் கூடாது. இன்னொரு பக்கம் க்ளென். ஓக்ரா அவர் வேலிக்கு அடியில் தோண்டுவதால், "உன் நாயை ஒருநாள் தீர்த்துடுறேன்" என்று அவர் சொல்லாத வாரம் கிடையாது.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் செஞ்சிருக்கணும். எனக்குப் பெத்தனி மேலதான் சந்தேகம். சாயங்கால பஸ்ல ஏத்தி விட்டுடப் போறேன். பைய கட்டச் சொல்லிட்டேன். கர்ட்கிட்டயும் இனிமே பேச்சு வெச்சுக்கறதா இல்ல."

"கோபத்துல எடுத்த முடிவு மாதிரி தெரியலையே."

"கோபம் வந்தா நல்லா இருக்கும் வெர்னா. மார்ச்சுலேர்ந்து எனக்கு எதுவும் வரல. அவ விட்டுட்டுப் போனது அந்த நாய் ஒண்ணுதான். அது சாகக் கெடக்கு. நான் பனிய வழிச்சுக்கிட்டு நின்னேன் காலைல."

வெர்னா எழுந்து கோட்டை மாட்டினார்.

"பஸ்ஸுக்கு நேரமிருக்கு. மொதல்ல நாயப் பாத்துட்டு வந்துடலாம்."

டாக்டர் ரெய்னிக்கின் மருத்துவமனையில் ஓக்ரா ஒரு போர்வை மேல் படுத்திருந்தது. முன்னங்காலில் ஊசி. மேலே தொங்கிய பையிலிருந்து வேறொரு நாயின் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. ஹார்லனைக் கண்டதும் வால் நுனி மட்டும் ஒருமுறை அசைந்தது. அவர் குனிந்து அதன் காதைத் தொட்டார். பிறகு கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பொழைக்குமா?" என்றான் டுவெய்ன்.

"இன்னிக்குப் பொழுது தாண்டினா சொல்றேன்" என்றார் டாக்டர். "ஆனா வீட்டுக்குப் போயி மறுபடியும் அதையே தின்னா, நான் பண்றதெல்லாம் வீண். எதுலேர்ந்து வந்துச்சுன்னு தெரியணும்."

"பச்சை வெங்காயமாத்தான் தின்னிருக்கணுமா?" என்று கேட்டார் வெர்னா.

"அப்படியெல்லாம் இல்ல. வெந்தாலும் போகாது, அரைச்சாலும் போகாது. பொடியாக்கினா இன்னும் மோசம்."

"அக்கா, எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றான் டுவெய்ன். "நேத்து படுத்துடுச்சுன்னா முந்தாநாள் ஞாயித்துக்கிழமை ராத்திரி குடுத்திருக்காங்க. ஞாயித்துக்கிழமை நாய் எங்க போச்சு, யார் வீட்டுப் பக்கம் போச்சுன்னு பாத்தா முடிஞ்சுது!"

டாக்டர் தலையை ஆட்டினார். "வெங்காயம் தின்ன மறுநாளே நாய் விழாது. ரத்தம் கெடுறதுக்கு மூணு நாலு நாள் புடிக்கும். வியாழக்கெழம, வெள்ளிக்கெழமயே ஆரம்பிச்சிருக்கணும். அப்பறமும் விடாம உள்ள போயிருக்கு."

"ஒரே ஒரு தடவை திருட்டுத்தனமா வெச்சது இல்ல. தெனமும் வேளாவேளைக்குப் போட்டது" என்றார் வெர்னா.

"அப்ப பெத்தனிதான்" என்றார் ஹார்லன்.

"க்ளென் வீட்டுக்கும் போயிட்டு வருவோம்" என்றார் வெர்னா.

க்ளென் தன் கொட்டகை வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். வேலியடியில் ஓக்ரா தோண்டிய பள்ளம். அங்கிருந்து கொட்டகை வாசல்வரை நாயின் கால்தடம் பழைய பனியில் உறைந்து கிடந்தது. டுவெய்ன் அதைக் கண்டதும் வேட்டைநாயாகவே மாறிவிட்டான்.

"இதுக்கு என்ன சொல்றீங்க க்ளென்? வழி தப்பி வந்த தடமா இது? தெனமும் வந்து போற தடம்! உள்ள என்ன வெச்சீங்க?"

"மான்கறி" என்றார் க்ளென், கோடாலியைக் கீழே வைக்காமல். "அவிச்ச மான்கறி. உப்பு காரம் எதுவும் இல்லாம. தெனமும் ஒரு துண்டு. போதுமா?"

"நாயைத் தீர்த்துடுவேன்னு சொன்னீங்களே!"

"பத்து வருஷமாச் சொல்றேன். லுரீன்கிட்டயே சொல்லியிருக்கேன். 'தீர்த்துட்டு எலும்பை மட்டும் அனுப்பி வைங்க'ன்னு சிரிப்பா." க்ளென் ஹார்லனைப் பார்க்காமல் பேசினார். "ஞாயித்துக்கிழமை வந்துச்சு. கறிய மோந்துகூடப் பாக்கல. அந்த நாயாவது கறிய வேணாங்கறதாவது? உன் வீட்டுக் கதவத் தட்டலாம்னு வந்தேன்யா ஹார்லன். நீ சன்னல்ல நின்னு என்னையே பாத்துக்கிட்டிருந்த. ஆனா பாக்கல. நான் திரும்பிட்டேன்."

"கறியில வெங்காயம் போட்டு வேக வெச்சீங்களா?" என்று கேட்டார் வெர்னா.

"எனக்கே வெங்காயம் ஆகாது. நெஞ்செரிச்சல். வீட்டுல ஒண்ணுகூடக் கெடையாது, போய்ப் பாரு. விருந்தன்னிக்குக்கூட வான்கோழியும் கெழங்கும் மட்டும்தான் தின்னேன். அந்தத் தட்டு பக்கமே போகல."

"எந்தத் தட்டு?"

"ஹார்லன் பண்ணி வெச்சிருந்தானே, லுரீன் பண்றது. வருஷா வருஷம் அவ எனக்குன்னு வெங்காயமில்லாம ஒரு சின்னத் தட்டு தனியாச் சுடுவா. இந்த வருஷம் யாருக்கு அது ஞாபகம் இருக்கும்? நானும் கேக்கல."

"கோடாலிய வெச்சுட்டு எங்ககூட வாங்க" என்றார் வெர்னா.

ஹார்லனின் சமையலறையில் பெத்தனி மேசையோரம் நின்றுகொண்டிருந்தாள். பயணப் பை கதவருகே கட்டி வைத்திருந்தது. சிவந்த மூக்கு, கையில் கசங்கிய காகிதக் கைக்குட்டை. அந்தப் பெண்ணைப் பார்த்தால் யாருக்கும் பாவமாகத்தான் இருக்கும். ஹார்லன் அவளைத் தாண்டிப் போய், குளிர்பெட்டியைத் திறந்தார்.

"கோக் குடிக்கிறீங்களா?" என்று எல்லோரையும் கேட்டுவிட்டு, ஆரஞ்சு சோடா பாட்டிலை எடுத்துத் தம்ளர்களில் ஊற்றினார்.

டுவெய்ன் அக்காவின் காதருகே குனிந்தான். "கோக்குன்னாரு. ஆரஞ்சு ஊத்துறாரு. மனுஷன் நெதானத்துல இல்ல போலிருக்கே."

"குடி" என்றார் வெர்னா.

குடித்துக்கொண்டே அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அலமாரியின் உச்சியில், யாருக்கும் கை எட்டாத இடத்தில், நான்கைந்து பாட்டில்கள் வரிசையாக நின்றன. கீரை சாலட் மேல் ஊற்றிக்கொள்கிற எண்ணெயும் வினிகரும் கலந்த சமாச்சாரம், வெள்ளையாக ஒன்று, தக்காளி நிறத்தில் ஒன்று. குளிர்பெட்டியில் இருக்க வேண்டியவை.

"அதை யார் அவ்வளவு ஒசரத்துல வெச்சது?"

"நான்தான்" என்றாள் பெத்தனி. "நாய்க்கு எட்டக் கூடாதுன்னு."

"வேலையத்த வேலை" என்று முணுமுணுத்தான் டுவெய்ன். "எந்த நாய் பாட்டில் மூடியத் திருகித் தெறக்கும்?" அதற்குள் அவன் குளிர்பெட்டிக்குள் தலையை விட்டு, அடித்தட்டில் இருந்த அலுமினியத் தட்டை இழுத்துவிட்டான். கேட்காமல் தின்பது அவன் கூடப்பிறந்த குணம். தட்டின் மூலையில் மஞ்சளாகச் சோளரொட்டிப் பண்டம் ஒரு கைப்பிடி மிச்சமிருந்தது. ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டவன் முகம் கோணிற்று.

"ஐய... உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க! யார் இதப் போயி இவ்வளவு..."

"டுவெய்ன்" என்றார் வெர்னா.

அவன் வாயை மூடிக்கொண்டான். பெத்தனி தலையைக் குனிந்துகொண்டாள். ஹார்லன் தட்டைப் பார்த்தார்.

"அது லுரீன் பண்றது. நான் பண்ணினேன்" என்றார். "எல்லாருக்கும் புடிச்சிருந்துச்சு. தெனமும் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. காலைல காலைல தெறந்து பாப்பேன்."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"என்னால முடியல."

"க்ளென் சாப்பிடல. கர்ட் வெள்ளிக்கிழமையே போயாச்சு. அப்ப இவ்வளவு பெரிய தட்டை யார் காலி பண்ணினது?" வெர்னா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எல்லாரும் உக்காருங்க. பெத்தனி, நீயும்தாம்மா. உன்ன ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். நீ எந்த ஊர்ல பொறந்த?"

"டுலூத்."

"நல்ல வடக்கு. இந்தத் தட்டுல இருக்கே, ரொட்டியப் பிச்சுப் போட்டு, வான்கோழியோட வெச்சுச் சாப்பிடுறது. உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?"

பெத்தனி விழித்தாள். "ஸ்டஃபிங்."

"டுவெய்ன், நீ என்ன சொல்லுவ?"

"ஸ்டஃபிங்தான். வேற என்ன? வான்கோழி வயித்துல அடைக்கிறது."

"ஹார்லன், நீங்க சொல்லுங்க."

"டிரெஸ்ஸிங்" என்றார் ஹார்லன்.

பெத்தனி மெல்லத் தலையை உயர்த்தி, அலமாரி உச்சியில் இருந்த பாட்டில்களைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள். அவள் கை வாயைப் பொத்திக்கொண்டது.

"டிரெஸ்ஸிங்னா கீரை மேல ஊத்துறது இல்லையா?" என்றான் டுவெய்ன். "இல்ல புண்ணுக்குக் கட்டுப் போடுறது. ரொட்டிய எவன் அப்படிச் சொல்லுவான்?"

"ஜார்ஜியாவுல எல்லாரும் சொல்லுவாங்க. அங்க வயித்துல அடைக்கறது இல்ல. தட்டுல தனியாச் சுடுவாங்க, பேரும் டிரெஸ்ஸிங்தான். அங்க எந்தச் சோடாவக் குடுத்தாலும் கோக்குதான். ஹார்லன் இந்த ஊர்ல பொறந்தவரு. ஆனா முப்பது வருஷத்துக்கு மேல லுரீனோட அடுப்படியில சாப்பிட்டவரு. சாப்பாட்டுச் சொல்லெல்லாம் அவ சொல்லாப் போயிருக்கு. அவருக்கே அது தெரியாது. இந்த வீட்டுல அது வித்தியாசமாவும் யாருக்கும் படல."

ஹார்லன் தன் முன்னாலிருந்த ஆரஞ்சு சோடாவைப் பார்த்தார்.

"எனக்கு மொதல்ல உறுத்தினது 'ஒரு சொட்டு'" என்றார் வெர்னா. "ஹார்லன் சொன்னாரு, டிரெஸ்ஸிங் குடுத்தியான்னு கேட்டா ஒரு சொட்டுகூடப் போடலன்னாளாம். ரொட்டிப் பண்டத்த யாராவது சொட்டுக் கணக்குல சொல்லுவாங்களா? ஒரு துண்டுகூடக் குடுக்கலம்பாங்க, ஒரு வாய்கூடக் குடுக்கலம்பாங்க. சொட்டுன்னா அவ மனசுல இருந்தது ஊத்துற பொருள். அப்பவே ரெண்டு பேரும் ஒரே சொல்லச் சொல்லி, வேற வேற பொருளப் பேசியிருக்காங்களோன்னு நெனச்சேன். இங்க வந்து அந்தப் பாட்டிலப் பாத்ததும் சந்தேகம் போயிடுச்சு. நாய்க்கு டிரெஸ்ஸிங் ஆகாதுன்னு மாமா சொன்னதும், இவ அத்தனையையும் தூக்கி ஒசரத்துல வெச்சிருக்கா. கொல்ல நெனக்கிறவ செய்யற வேலையா இது?"

க்ளென் தொண்டையைக் கனைத்தார். "சரி, சொல்லு மாறிப்போச்சு. ஆனா வெங்காயம் இல்லன்னு சத்தியம் பண்ணினாளே?"

"இருந்தது அவளுக்குத் தெரியாது. ஹார்லன், வெங்காயத்த எப்படிப் போட்டீங்க?"

"லுரீன் மாதிரி. துருவித் துருவி, வெண்ணெயில கரையவிட்டு. பல்லுல தட்டக் கூடாதும்பா. புதன்கிழமை பூராவும் துருவினேன்."

"அன்னிக்கா?" என்றாள் பெத்தனி. "அன்னிக்கு நான் தண்ணி குடிக்க வந்தேன் மாமா. நீங்க முதுகைக் காட்டிக்கிட்டு நின்னு அழுதுக்கிட்டிருந்தீங்க. தோள் குலுங்குச்சு. நான் சத்தம் போடாம மேல போயிட்டேன்."

"அது வெங்காயம்" என்றார் ஹார்லன்.

"எனக்குத் தெரியாதே. அத்தைய நெனச்சு அழுறீங்கன்னு..."

"இல்ல. வெங்காயம்தான்." அவர் கொஞ்சம் யோசித்தார். "தண்ணி வந்துச்சு. நல்லா இருந்துச்சு. அதனாலதான் நெறையத் துருவிட்டேன் போல."

டுவெய்ன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை வருவதும் அவன் கூடப்பிறந்த குணம்தான்.

"மிச்சத்த நீயே சொல்லும்மா" என்றார் வெர்னா. "யாருக்கும் புடிக்காத பண்டம் எப்படி தெனமும் கொறைஞ்சுது?"

பெத்தனி மாமனாரைப் பார்க்க முடியாமல் மேசையைப் பார்த்தே பேசினாள்.

"வியாழக்கிழமை ஒரு வாய் வெச்சேன். உப்பே இல்ல. மாமா மறந்துட்டாங்க. கர்ட்டும் ஒரு வாய்க்கு மேல தின்னல. ஆனா மாமா மறுநாள் காலைல தட்டைத் தெறந்து பாத்தாங்க. கொஞ்சம் கொறைஞ்சிருந்துச்சு. 'நல்லா இருந்துச்சு போல'ன்னு சொன்னாங்க. நான் வந்ததுலேர்ந்து மாமா தானா பேசின ஒரே பேச்சு அதான். அதுக்கப்புறம் அது அப்படியே கெடந்தா... குப்பையில போட்டா பாத்துடுவாங்க. ஓக்ராவுக்குக் கறியோட பிசைஞ்சு வெச்சேன். ஆசையாத் தின்னுச்சு. ரொட்டிதானே, வயித்துக்கு மெத்துன்னு இருக்கும்னு நெனச்சேன். நான் சாப்பிட்டேன்னு மாமாகிட்ட பொய் சொன்னேன். அந்தப் பொய் மட்டும்தான் சொன்னேன்."

வெர்னா எழுந்து, கதவருகே இருந்த பயணப் பையைத் தூக்கி, மாடிப்படியின் கீழ்ப்படியில் வைத்தார்.

"இந்த வீட்டுல யாரும் விஷம் வெக்கல ஹார்லன். நீங்க சரியாத்தான் சொன்னீங்க. அவளும் சரியாத்தான் கேட்டுக்கிட்டா. ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு அர்த்தம் சொல்ல லுரீன்தான் இல்ல."

ஹார்லன் ஒரு கரண்டியை எடுத்து, தட்டை இழுத்து, மூலையில் மிச்சமிருந்ததைத் தின்றார். நிதானமாக மென்று விழுங்கினார்.

"உப்பில்ல" என்றார்.

"ஆமா மாமா."

"ரொம்ப மோசமா இருக்கு."

"ஆமா மாமா."

தட்டை வழித்து முடித்துவிட்டு, தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். "டாக்டருக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிடு" என்றார் அவளிடம். "எவ்வளவு போட்ட, எத்தன நாள்னு உனக்குத்தான் தெரியும்." பஸ்ஸைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

அடுத்த வாரம் ஒருநாள் கடைக் கதவு திறந்தது. முதலில் நீளக் காதுகள் நுழைந்தன. ஓக்ரா இளைத்திருந்தது, நடையில் இன்னும் பலம் வரவில்லை. கயிற்றைப் பெத்தனி பிடித்திருந்தாள். பின்னால் ஹார்லன். பூட்ஸைத் தட்டிவிட்டு வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றினார்.

டுவெய்ன் அசந்துபோனான். நரைத்த முடி காதை மூடி, சட்டைக் காலருக்குள் இறங்கியிருந்தது.

"அண்ணே, எத்தனை மாசமாச்சு?"

"லுரீன்தான் வெட்டுவா."

"சரி. அவங்க எப்படி வெட்டுவாங்க? அதே மாதிரி வெட்டிடலாம்."

ஹார்லன் கண்ணாடியைப் பார்த்தார். "தெரியல. அடுப்படியில ஸ்டூல் போட்டு உக்கார வெப்பா. அங்க கண்ணாடி கெடையாது."

டுவெய்ன் துண்டைச் சுற்றிவிட்டு, சீப்பை எடுத்தான். ஓக்ரா அவன் காலடியில் வந்து உட்கார்ந்து, கல்லாமேசை மேல் அவன் கடித்து வைத்திருந்த கோழி சாண்ட்விச்சையே பார்த்தது. அவனுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு துண்டைப் பிய்த்துக் குனிந்தான்.

"வேணாம்!" என்றாள் பெத்தனி. "வெறும் கறி மட்டும் எடுத்துக் குடுங்க. தோல் வேணாம், எலும்பு வேணாம், டிரெஸ்ஸிங் வேணாம்."

பின்னறை வாசலில் நின்றிருந்த வெர்னா கேட்டார். "எந்த டிரெஸ்ஸிங்?"

"எங்க அத்தை டிரெஸ்ஸிங்."

டுவெய்ன் சாண்ட்விச் துண்டிலிருந்து வெள்ளைக் கறியை மட்டும் பிரித்தெடுத்து நாய்க்குக் கொடுத்தான். கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, கண்ணாடியில் ஹார்லனின் முகம் நனைந்திருந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. "வெட்டு" என்றார். டுவெய்ன் பின்கழுத்திலிருந்து வெட்டத் தொடங்கினான்.